பன்னிரண்டு மணி நேரமும் இருபது கட்டில்களும்

2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. தொழிலாளியிடம் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்த மசோதா அது. ஆளும் கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. நல்லது. ஆனால் அந்தப் பத்து நாட்களிலும், அதற்கு முன்பும் பின்பும், தனியார் நர்சிங் ஹோம்களிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் பல இடங்களில் 12 மணி நேர டூட்டி வழக்கம்போல நடந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு எந்த மசோதாவும் தேவைப்படவில்லை, எந்த வெளிநடப்பும் நடக்கவில்லை.

செவிலியர்களுக்கு நேர மேலாண்மை சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகள் இப்போது நிறைய நடக்கின்றன. முன்னுரிமைப் பட்டியல் போடுங்கள், வேலையைப் பகிர்ந்து கொடுங்கள், டூட்டி தொடங்கும்போதே திட்டமிடுங்கள் என்கிறார்கள். எதுவும் தவறில்லை. நீண்டகாலப் பராமரிப்பில் இருக்கும் செவிலியருக்கு அது எவ்வளவு தூரம் உதவும் என்பதுதான் கேள்வி. தீவிர சிகிச்சைப் பிரிவைப் போல இது அவசரங்களால் நிரம்பிய வேலை அல்ல. அன்றாடங்களால் நிரம்பிய வேலை. பக்கவாதத்தில் விழுந்தவர், நினைவு தப்பியவர், புற்றுநோய் முற்றியவர், இடுப்பெலும்பு முறிந்து எழ முடியாதவர் ஆகியோருக்கு நேற்றுச் செய்ததை இன்றும் செய்ய வேண்டும், நாளையும் செய்ய வேண்டும். யாரும் குணமாகி வீட்டுக்குப் போய் வேலையைக் குறைத்துத் தரப்போவதில்லை.

எடுத்துக்காட்டாக, திருவள்ளூர் மாவட்டத்தில் இந்தப் பராமரிப்பு மூன்று இடங்களில் நடக்கிறது. முதலாவது வீடு. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய ஆஸ்பத்திரி உயிரைக் காப்பாற்றி அனுப்பும். மூக்கில் ரைல்ஸ் ட்யூப், கீழே யூரின் பை, கையில் டிஸ்சார்ஜ் சம்மரியோடு நோயாளி ஊர் திரும்புவார். மகன் சிப்காட் தொழிற்பேட்டையில் ஏ ஷிஃப்ட், மருமகள் இன்னொரு கம்பெனியில் லைனில் நிற்கிறாள் என்றால் பகலில் அவரைப் பார்க்க ஆள் இல்லை. இரண்டாவது, தனியார் இல்லங்களும் சிறு நர்சிங் ஹோம்களும். மூன்றாவது, அரசு மருத்துவமனை வார்டுகளின் ஓரக் கட்டில்கள்: போக இடமில்லாமல் தங்கிவிட்டவர்கள். ஏஜென்சி மூலம் வீட்டோடு தங்கும் ‘ஹோம் நர்ஸ்’ என்று நான்காவதாக ஒன்றையும் சொல்லலாம். அவர்களில் பலர் பயிற்சி பெற்ற செவிலியர் அல்லர் என்பது ஒரு பக்கம் இருக்க, இருபத்து நாலு மணி நேரமும் டூட்டியில் இருக்கும் ஒரு பெண்ணிடம் நேர மேலாண்மை பற்றிப் பேசுவது அபத்தம்.

முதியோர் எண்ணிக்கையைப் பார்த்தால் இது சின்னப் பிரச்சினை இல்லை என்பது விளங்கும். மத்திய அரசின் மக்கள்தொகை முன்கணிப்பின்படி 2021-ல் தமிழக மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதம் ஆவார்கள். பெரிய மாநிலங்களில் நம்மைவிட முதிய மாநிலம் கேரளம் மட்டும்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்த இல்லத்தின் கணக்கும் அல்ல இது; நான் தோராயமாக வைத்துக்கொண்டது. இருபது பேர் தங்கியிருக்கும் இல்லம். பன்னிரண்டு பேர் படுத்த படுக்கை. அவர்களில் ஆறு பேருக்கு ட்யூப் ஃபீடிங், ஆறு பேருக்கு ஊட்டிவிட வேண்டும். பகல் டூட்டி 12 மணி நேரம்.

படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும் என்பது நர்சிங் கல்லூரி முதல் வருடப் பாடம். ஒரு டூட்டிக்கு ஆறு முறை, ஒருவருக்கு ஐந்து நிமிடம், புரட்ட இரண்டு பேர். பன்னிரண்டு பேருக்கு மொத்தம் 12 ஆள்-மணி நேரம். ட்யூப் ஃபீடிங் மூன்று மணிக்கு ஒருமுறை: தலைப்பக்கத்தை உயர்த்தி, ட்யூப் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, மெதுவாகக் கொடுத்து, தண்ணீர் விட்டு அலச ஒருவருக்கு 15 நிமிடம் என்றால் 6 மணி நேரம். ஊட்டிவிடுவது இரண்டு வேளை, ஆளுக்கு 20 நிமிடம்: 4 மணி நேரம். டயப்பர் மாற்றிச் சுத்தம் செய்வது மூன்று முறை, பத்துப் பத்து நிமிடம்: 6 மணி நேரம். இருபது பேருக்கும் மூன்று வேளை மாத்திரை, ஆளுக்கு மூன்றே நிமிடம்: 3 மணி நேரம். பி.பி., சுகர், டெம்பரேச்சர் இரண்டு முறை: 2 மணி 40 நிமிடம். நோட்ஸ் எழுத ஆளுக்கு 6 நிமிடம்: 2 மணி நேரம். அடுத்த டூட்டிக்கு ஓவர் கொடுக்க அரை மணி. கூட்டினால் 36 மணி 10 நிமிடம் வருகிறது.

இதில் குளிப்பாட்டல் இல்லை. டிரெஸ்ஸிங் இல்லை. யாரும் விழவில்லை, யாருக்கும் சுகர் இறங்கவில்லை, டாக்டர் ரவுண்ட்ஸ் வரவில்லை. செவிலியர் டீ குடிக்கவில்லை, பாத்ரூம் போகவில்லை. அப்படியும் 36 மணி நேரம். டூட்டியில் ஒரு நர்ஸ், ஒரு ஆயாம்மா என்றால் கையில் இருப்பது 24. இந்தப் பள்ளத்தை எந்தப் பட்டியலும் நிரப்பாது.

அப்படியானால் பற்றாத இந்தப் பன்னிரண்டு மணி நேரம் எப்படிச் சரிக்கட்டப்படுகிறது? சில வேலைகள் நடக்காமல் போவதால்தான். அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் பியட்ரிஸ் கலிஷ் 2006-ல் மருத்துவமனைச் செவிலியர்களிடம் பேசி, விடுபட்டுப்போகும் பராமரிப்பு எது என்று தொகுத்தார். நடக்க வைப்பது, புரட்டிப் போடுவது, நேரத்துக்கு ஊட்டுவது, வாய் சுத்தம், நோயாளிக்கும் குடும்பத்துக்கும் விளக்கிச் சொல்வது போன்றவை அந்தப் பட்டியலில் இருந்தன. நம் வார்டுகளை அறிந்தவர்கள் யாரும் இதைக் கேட்டு வியக்க மாட்டார்கள். மாத்திரை விடுபடாது, ஏனென்றால் சார்ட்டில் அதற்குக் கட்டம் இருக்கிறது, கையெழுத்துப் போட வேண்டும். பாட்டியைப் பிடித்து வாசல்வரை நடக்க வைப்பதற்குக் கட்டம் கிடையாது. மூன்று மாதம் நடக்காத பாட்டி நான்காவது மாதம் படுக்கையாகிவிடுவார். அப்போது படுக்கையில் இருப்பவர்கள் பன்னிரண்டு பேர் பதின்மூன்றாவார்கள். விடுபட்ட பத்து நிமிடம் இப்படித்தான் வட்டியோடு திரும்பி வருகிறது.

இனி, செவிலியரின் கையில் உண்மையிலேயே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கலாம். நான் நினைத்ததைவிடக் கூடுதலாகவே இருக்கிறது, ஆனால் வழக்கமாகச் சொல்லும் இடத்தில் இல்லை.

பெரிய நேரம் இருப்பது மெத்தையில். 2013-ல் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 இல்லங்களில் 942 முதியவர்களைச் சேர்த்துக்கொண்டது. நல்ல அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுக்க வைத்து, சிலரை இரண்டு மணிக்கு ஒருமுறையும் சிலரை மூன்று மணிக்கு ஒருமுறையும் சிலரை நான்கு மணிக்கு ஒருமுறையும் புரட்டினார்கள். புண் வந்தவர்களின் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எல்லாரையும் நான்கு மணி நேரம் அப்படியே விடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. தோலைப் பார்த்து, ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பழைய பஞ்சு மெத்தைக்கு இந்த முடிவு பொருந்தவும் பொருந்தாது. ஆனால் நல்ல மெத்தை போட்ட இல்லத்தில் நம் கணக்கின் 12 மணி நேரம் 6 ஆகலாம். நர்ஸை நேர மேலாண்மை வகுப்புக்கு அனுப்பும் செலவை மெத்தைக்குக் கொடுக்கலாம் என்பேன்.

அடுத்தது வேலையைக் கோத்துச் செய்வது. புரட்டும்போதே டயப்பரைப் பார்த்து மாற்றி, முதுகைத் துடைத்து, தோல் சிவந்திருக்கிறதா என்று கவனித்துவிட்டால் ஒரே ஆளை இரண்டு முறை உருட்ட வேண்டியதில்லை. இதில் எளிதாக இரண்டு மணி நேரம் மிஞ்சும். இரவில் இது இன்னும் முக்கியம்: பத்து மணிக்கு ஒருவர் பி.பி. பார்க்க, பதினொன்றுக்கு இன்னொருவர் டயப்பர் பார்க்க, பன்னிரண்டுக்கு மூன்றாமவர் லைட்டைப் போட, முதியவர் தூங்கவே மாட்டார். தூங்காதவர் விடியற்காலையில் குழம்பிப்போய் ட்யூபைப் பிடுங்குவார். அதைத் திரும்பப் போடுவது யார் நேரம்?

மூன்றாவது, மாத்திரை. ஐந்து நேரத்துக்குச் சிதறிக் கிடக்கும் மாத்திரைகளை மூன்று நேரமாகச் சேர்க்க முடியுமா, நிறுத்த வேண்டியதை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்பது நேரம் மிச்சப்படுத்தும் வேலைதான். எல்லாவற்றையும் சேர்க்க முடியாது. ரெகுலர் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். பார்க்கின்சன் நோயாளிக்கு லெவோடோபா ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் கை கால் இறுகிவிடும். ஊட்ட 20 நிமிடம் ஆகும் இடத்தில் 40 ஆகும். எது நகரும், எது நகராது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் இந்த வேலையில் முன்னுரிமை என்பது.

குறுக்கீடு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஜொஹானா வெஸ்ட்புரூக் குழுவினர் 98 செவிலியர்கள் 4,271 முறை மருந்து கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பதிந்து 2010-ல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் நடைமுறைத் தவறு 12.1 சதவீதமும், மருந்து தொடர்பான தவறு 12.7 சதவீதமும் கூடியது. குறுக்கிட வேண்டாம் என்று எழுதிய அங்கியைப் போட்டுக்கொண்டு மருந்து கொடுக்கும் முறையையும் அதே குழு பின்னாளில் சோதித்தது. குறுக்கீடு ஓரளவு குறைந்தது. ஆனால் அந்த அங்கி உறுத்தலாக இருக்கிறது, நேரமும் இழுக்கிறது என்று செவிலியர்கள் சலித்துக்கொண்டார்கள். நம்மூரில் அங்கி போட்டாலும் “சிஸ்டர், ஒரு நிமிஷம்” நிற்காது. நம் குறுக்கீடு வேறு வகை. கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட்களைச் சுற்றி ஊரே ஷிஃப்டில் ஓடுகிறது. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று ஷிஃப்ட் மாறும் வேளைகளில்தான் மகனுக்கும் மகளுக்கும் கை ஓய்கிறது. அப்போதுதான் போன் வரும்: “அம்மா சாப்பிட்டாங்களா சிஸ்டர்?” அதே வேளையில்தான் இங்கே மாத்திரை டிரே கையில் இருக்கும். மாலை நாலு முதல் ஆறு வரை பார்வையாளர் நேரம் என்று பலகை வைப்பதால் மதியம் இரண்டு மணி பி ஷிஃப்டில் இருப்பவருக்கு ஒரு பயனும் இல்லை. குடும்பத்தின் ஷிஃப்டைக் கேட்டு, யாருக்கு எந்த நேரத்தில் இல்லத்திலிருந்து போன் போகும் என்று முன்பே சொல்லி வைத்தால் பாதிக் குறுக்கீடு நின்றுவிடும். பேசுபவரும் நர்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

எழுத்து வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2008-ல் அமெரிக்காவில் 36 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, செவிலியரின் பணி நேரத்தில் 35 சதவீதத்துக்கு மேல் பதிவு எழுதுவதற்கே போவதாகக் கண்டது. நோயாளியின் பராமரிப்புக்குப் போனது 19 சதவீதம். நம் ஊரில் கம்ப்யூட்டரும் வந்துவிட்டது, நோட்டும் போகவில்லை. ஒன்றை நிறுத்தாமல் இன்னொன்றைச் சேர்ப்பவர்களுக்கு நேர மேலாண்மை வகுப்பு எடுக்க வேண்டும்.

இவ்வளவையும் செய்தால் 36 மணி நேரம் 28-க்கு அருகில் வரும். மெத்தையும் திறமையும் சேர்ந்து தரக்கூடியது எட்டு மணி நேரம். மீதி நாலு மணி நேரத்தை இன்னொரு ஆள்தான் தர முடியும்.

ஆள் எத்தனை வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்றவற்றில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் கவுன்சிலின் அளவு. அது மருத்துவமனைக்கு. முதியோர் இல்லத்துக்கு வந்தால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஏழை முதியோர் தங்கும் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. கட்டிலை எண்ணிய சட்டம் அந்தக் கட்டிலுக்கு நாளைக்கு எத்தனை நிமிடக் கவனிப்பு என்று எண்ணவில்லை.

வெளிநாடுகளில் எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் முதல் இல்லங்களில் ஒரு முதியவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 215 நிமிடக் கவனிப்பு, அதில் 44 நிமிடம் பதிவு பெற்ற செவிலியரிடமிருந்து. நம் இருபது பேர் இல்லத்தில் அதை வைத்துப் பார்த்தால் நாளைக்குக் கிட்டத்தட்ட 72 மணி நேரம், அதாவது 12 மணி டூட்டியில் ஆறு பேர், பகலும் இரவும் சேர்த்து. அமெரிக்கா 2024-ல் 3.48 மணி நேரம் என்று விதி கொண்டுவந்தது; இல்ல முதலாளிகள் வழக்குப் போட்டார்கள், 2025-ல் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆள் வைக்கக் காசு ஆகும் என்பதுதான் எந்த நாட்டிலும் எதிர்வாதம்.

நிமிடத்தை எண்ணுவதில் ஆபத்தும் உண்டு. கம்பெனியில் ஒரு பாகம் பொருத்த எத்தனை விநாடி என்று டைம் ஸ்டடி எடுப்பதைப் போலவே பராமரிப்பையும் நறுக்கினால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து பார்த்துவிட்டது. வீட்டுக்குப் போகும் பராமரிப்பாளருக்குப் பதினைந்து நிமிடம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். வந்தவர் கழிவறைக்கு அழைத்துப்போவதா, சாப்பாடு தருவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. பொதுவாக அரை மணிக்குக் குறைந்த வருகை கூடாது என்று 2015-ல் அங்கே வழிகாட்டுதல் வெளியிட வேண்டி வந்தது. நெதர்லாந்தில் இதே எரிச்சலில்தான் யோஸ் டி பிளாக் என்ற செவிலியர் 2006-07-ல் பியூர்ட்சோர்க் என்ற அமைப்பைத் தொடங்கினார். பன்னிரண்டு பேருக்கு மிகாத செவிலியர் குழு, மேலே மேனேஜர் கிடையாது, தங்கள் அட்டவணையைத் தாங்களே போட்டுக்கொள்வார்கள். இல்லத்துக்கு மொத்த நிமிடத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, அதை யாருக்கு எப்படிச் செலவிடுவது என்பதைச் செவிலியரிடம் விடுவதுதான் சரி என்பது என் முடிவு. நம்மூரில் நடப்பது நேர்மாறு: மொத்தத்தை யாரும் எண்ணுவதில்லை, ஒவ்வொரு நிமிடத்துக்கும் கேள்வி கேட்கிறோம்.

வீட்டுப் பராமரிப்பில் தமிழகம் செய்திருப்பதை மதிக்காமல் இருக்க முடியாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பி.பி., சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனது. 2024-ல் ஐ.நா. பணிக்குழுவின் விருதும் பெற்றது. அதில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் தவிர, ஒன்றியத்துக்கு ஒரு நோய் ஆதரவுச் செவிலியரும் ஓர் இயன்முறைச் சிகிச்சையாளரும் வண்டியோடு போகும் ஏற்பாடு உண்டு. கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் 61 ஊராட்சிகள். மாதம் 24 நாள், நாளுக்கு ஓர் ஊராட்சி என்று போனாலும் ஒரு சுற்று முடிய இரண்டரை மாதம் ஆகும். லேட்டக்ஸ் கத்தீட்டர் மூன்று நான்கு வாரத்தில் மாற்ற வேண்டியது. ஆக, கத்தீட்டர் உள்ள வீடுகளை மட்டும் தனிப் பட்டியலாக எடுத்து முதலில் வழித்தடம் போட வேண்டும், மற்ற வீடுகளைத் தன்னார்வலர் போனில் சொல்லும் தகவலை வைத்து முடிவு செய்ய வேண்டும், குடும்பத்தில் ஒருவருக்கு டிரெஸ்ஸிங்கும் ஃபீடிங்கும் கற்றுக்கொடுத்துவிட வேண்டும். கற்றுக்கொடுக்க ஒரு வீட்டில் செலவாகும் ஒரு மணி நேரம் பின்னால் பல வருகைகளை மிச்சப்படுத்தும். பயிற்சிக்கு ஆள் வீட்டில் இருக்கும் நேரம் எது என்பது மறுபடியும் ஷிஃப்ட் கேள்விதான். கேரளம் 2008-ல் நோய் ஆதரவுப் பராமரிப்புக்கென்று தனிக் கொள்கை வகுத்து, வீட்டு வருகையை உள்ளாட்சியோடு இணைத்தது. செவிலியர் பொறுப்பு ஒன்றிய அளவிலிருந்து ஊராட்சிகளுக்கு அருகே இறங்கி வருவதுதான் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

கடைசியாகக் கூலி. நேரத்தைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிடுவது நாகரிகமாகிவிட்டது. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஒப்பந்தச் செவிலியர்களை மாதம் 7,700 ரூபாய்க்கு எடுத்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராட வேண்டியிருந்தது. தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் பற்றி 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, வேலை நேரமும் விடுப்பும் அரசுச் செவிலியருக்கு இணையாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை என்பதால் அது யாரையும் கட்டுப்படுத்தவில்லை. சம்பளம் போதாதவர் ஓவர்டைம் பார்ப்பார் அல்லது இன்னோர் இடத்தில் நைட் பார்ப்பார். மின்சார ரயிலில் பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி ஒரு மணி நேரப் பயணமும் சேர்த்து, பதினாறாவது மணி நேரத்தில் இன்சுலின் ஊசியை எடுக்கும் கையிடம் நாம் கவனத்தை எதிர்பார்க்கிறோம். 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அரை மணி ஓய்வு தர வேண்டும் என்று எழுதி வைத்தது. இயந்திரத்தின் முன் நிற்பவருக்குக் கிடைத்த அந்த அரை மணி, மனிதரின் முன் நிற்பவருக்கும் சட்டப்படி வர வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒன்று சொல்வேன். அப்பாவையோ அம்மாவையோ ஓர் இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள் அறை ஏசியா, ஜன்னல் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் வேறு நாலு கேள்வி கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேருக்கு ஒரு நர்ஸ்? அவருடைய டூட்டி எத்தனை மணி நேரம்? மெத்தை எப்படிப்பட்டது? இங்கே வேலை பார்ப்பவர்கள் சாப்பிட எத்தனை மணிக்குப் போகிறார்கள்? கடைசிக் கேள்விக்குச் சட்டென்று பதில் வராத இல்லத்தில் சேர்க்காதீர்கள்.